அப்பா கொடுக்கும் பங்கு: ஆசீர்வாதம், சுதந்தரம் பற்றிச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையோடு வீட்டுக்குப் போன ஓர் அக்கா, அடுத்த மாதம் முடிவதற்குள் மூன்று பவுன் செயினை அடகு வைத்தார். அட்டையில் இருந்தது உபாகமம் 28-இல் தலையும் வாலும் பற்றி வருகிற 13-ஆம் வசனம். 'இது உங்கள் வீட்டில் பலிக்க வேண்டுமா? விதை விதையுங்கள்' என்று ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். விதை என்றால் காணிக்கைப் பணம். வட்டி ஏறி, நகை ஏலத்துக்குப் போனது. போய்க் கேட்டபோது, 'உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை' என்று பதில் வந்தது. நகை போனதைவிட அந்தப் பேச்சுதான் அவரை உடைத்துப்போட்டது. இரண்டு வருஷம் வேதாகமத்தைத் திறக்கவே இல்லை. அட்டை மட்டும் அதற்குள்ளேயே இருந்தது. ஓரமெல்லாம் மஞ்சளாகி, வசனத்தின் பக்கத்தில் அவர் பேனாவால் எழுதிய தேதியோடு.

இப்படி அடிபட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பட்டியல். ஆசீர்வாதமும் சுதந்தரமும் பிள்ளைகளுக்கு அப்பா கொடுப்பவை என்பதைப் பிடித்துக்கொண்டால், பாதி ஏமாற்று உங்கள் வாசலைத் தாண்டாது. வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

செய்ய வேண்டியவை

1. 'சுதந்தரம்' என்பதை எழுத்துக் கூட்டி வாசியுங்கள். அது விடுதலையைச் சொல்லும் சொல் இல்லை.
தமிழ் வேதாகமத்தில் சுதந்தரம் என்றால் வாரிசாக வரும் சொத்துரிமை. சுதந்தரவாளி என்றால் வாரிசு. பழைய கிரயப் பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், 'சர்வ சுதந்திர பாத்தியங்களோடு ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று இருக்கும். அங்கேயும் உரிமைதான் பொருள். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் பல இடங்களில் 'உரிமைச்சொத்து' என்றே இருக்கிறது. இந்த ஒரு சொல்லை விடுதலை என்று எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் பிரசங்கித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

2. ஆசீர்வாதத்தையும் பாக்கியத்தையும் பிரித்து வாசியுங்கள்.
ஆங்கில வேதாகமம் பல இடங்களில் 'பிளெஸ்ஸட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். எபிரெயத்தில் 'பாரூக்' வேறு, 'அஷ்ரே' வேறு. கிரேக்கத்திலும் இரண்டு சொல். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவருக்கு வாயால் சொல்லி வழங்குவது ஆசீர்வாதம். ஒருவர் இருக்கிற நிலையைப் பார்த்து, 'இவர் பாக்கியவான்' என்று சொல்வது வேறு. மலைப்பிரசங்கத்தில் இயேசு பாக்கியவான்கள் என்று சொன்னது யாரை? எளிமையுள்ளவர்களை, துயரப்படுகிறவர்களை, நீதிக்காக அடிபடுகிறவர்களை. இரண்டு சொல்லையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், கண்ணீரோடு இருக்கிற வீட்டைப் பார்த்து 'அங்கே ஆசீர்வாதம் இல்லை' என்று சொல்லத் தோன்றிவிடும்.

3. அட்டையில் வந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள்.
உபாகமம் 28-இல் 68 வசனங்கள் இருக்கின்றன. ஆசீர்வாதம் முதல் 14 வசனத்தோடு முடிகிறது. மீதி 54 வசனமும் சாபம். மோவாப் சமவெளியில், கானானுக்குள் போகக் காத்திருந்த ஒரு ஜனக்கூட்டத்துக்கு, உடன்படிக்கையின் நிபந்தனையாகச் சொன்னது அது. அதிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி உங்கள் வீட்டுக் கதவில் ஒட்டுவது அந்தப் பகுதிக்கு நியாயம் இல்லை.
எரேமியா 29-உம் அப்படித்தான். எல்லாருடைய ஸ்டேட்டஸிலும் வரும் 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் இது. வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்குக் கிடைத்த கட்டளை என்ன தெரியுமா? அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், பிடித்துக்கொண்டு போனவனுடைய ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள். விசா வரவில்லை, வேலை கிடைக்கவில்லை என்று காத்திருக்கிறவர்களுக்கு, முழுதாக வாசித்தால் இந்த அதிகாரம் அட்டையைவிடப் பெரிய ஆறுதல்.

4. ஆபிரகாமிலிருந்து ஆரம்பியுங்கள்.
ஆதியாகமம் 12-இல் அவருக்கு ஆசீர்வாதம் வந்தது, பூமியின் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அவர் வழியாகப் போய்ச் சேருவதற்காக. 'ஆபிரகாமின் ஆசீர்வாதம்' என்றவுடன் ஆடு, மாடு, ஒட்டகம், வெள்ளி என்று பட்டியல் போடுகிறவர்களிடம் கலாத்தியர் 3-ஐத் திறந்து காட்டுங்கள். பவுல் அங்கே ஆவியானவரைப் பெறுவதைப் பற்றிப் பேசுகிறார்.

5. லேவி கோத்திரத்தின் பங்கைத் தேடி வாசியுங்கள்.
மற்ற கோத்திரங்களுக்குச் சீட்டுப் போட்டு, நூல் பிடித்து நிலம் அளந்து கொடுத்தார்கள். லேவியருக்குக் குடியிருக்க 48 பட்டணங்களும் சுற்றியுள்ள வெளிநிலங்களும் கிடைத்தன. கோத்திரத்துக்கென்று காணியாட்சி கிடைக்கவில்லை. தாமே பங்கு என்று கர்த்தர் லேவி கோத்திரத்து ஆரோனிடம் சொன்னதாக எண்ணாகமம் 18-இல் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு சங்கீதம் 16-ஐ வாசியுங்கள். அங்கே பங்கு கிடைத்தது என்று வருகிற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது அளவுநூல், நில அளவைக்காரர்களின் பேச்சு. பட்டா இல்லாதவரும் அந்தச் சங்கீதத்தைத் தனக்கென்று பாடலாம்.

6. 'அச்சாரம்' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள்.
எபேசியர் 1-இல் பரிசுத்த ஆவியானவரை நம் சுதந்தரத்தின் அச்சாரம் என்று பவுல் எழுதுகிறார். கிரேக்கத்தில் 'அர்ரபோன்'. செமித்திய வியாபாரிகளின் பேச்சிலிருந்து கிரேக்கத்துக்கு வந்த சொல் அது. ஆதியாகமம் 38-இல் யூதா தன் முத்திரை மோதிரத்தையும் கோலையும் ஈடாகக் கொடுக்கிற இடத்தில் எபிரெயத்தில் இதன் மூலச்சொல்தான் இருக்கிறது. தமிழில் இதற்கு அச்சாரம் என்று போட்டவர் யாரோ, சந்தையையும் பத்திரத்தையும் அறிந்தவர்.
இடம் வாங்கியவர்களுக்குத் தெரியும். அச்சாரம் கொடுத்தவர் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்கிறார். 'மீதியையும் கொடுத்து முடிப்பேன்' என்பதற்கு அந்தப் பணம் சாட்சி. இந்த வசனத்தில் அச்சாரம் கொடுக்கிறவர் யார் என்று பாருங்கள். கடவுள் கொடுக்கிறார், வாங்குவது நாம். அப்படியிருக்க, 'ஆசீர்வாதம் வர வேண்டுமென்றால் முதலில் நீங்கள் கொஞ்சம் கட்டுங்கள்' என்று ஒருவர் கியூஆர் கோடை நீட்டினால், அவர் இந்த வசனத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். நான் சொல்லும் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

7. 'ஏற்பாடு' என்ற சொல்லுக்குள் உயில் இருப்பதைக் கவனியுங்கள்.
கிரேக்கத்தில் உடன்படிக்கைக்கும் உயிலுக்கும் ஒரே சொல் வரும். எபிரெயர் 9 அதை வைத்துத்தான் பேசுகிறது. உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் அது செல்லும், கிறிஸ்து இறந்தார், சாசனம் திறந்தது. உயிலில் பேர் இருப்பவர் அதற்காகப் பணம் கட்டுவதில்லை.

8. பிள்ளைகளை வாய்திறந்து ஆசீர்வதியுங்கள், இன்று இரவே.
ஆரோன் சொல்ல வேண்டும் என்று எண்ணாகமம் 6-இல் உள்ள ஆசீர்வாதத்தை ஆராதனை முடிவில் கேட்டிருப்பீர்கள். எருசலேமில் கெதெப் இன்னோம் என்ற இடத்தில், 1979-இல் ஒரு கல்லறைக் குகையைத் தோண்டியபோது, தாயத்துபோலச் சுருட்டிய இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள் கிடைத்தன. பிரித்துப் பார்த்தால், இதே ஆசீர்வாதம் சுருக்கமாகக் கீறப்பட்டிருந்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்கிறார்கள். சவக்கடல் சுருள்களுக்கும் முந்தையது. அவ்வளவு காலமாக மனிதர்கள் கழுத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ள விரும்பிய வார்த்தைகளை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. 'மார்க் எவ்வளவு?' என்பதைத் தினமும் கேட்கிறோம்.
யூதக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளைகளின் தலையில் கைவைத்து இதைச் சொல்வார்கள். நீங்களும் ஒரு கிழமை வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவனுக்குச் சொல்லிவிட்டு இளையவளை விட்டுவிடாதீர்கள். ஆதியாகமம் 27-இல், எனக்கு ஓர் ஆசீர்வாதம்கூட மிச்சம் இல்லையா என்று ஏசா அழுகிறானே, அந்த அழுகை பல வீடுகளில் சத்தமில்லாமல் இருக்கிறது.

9. மகளுக்கும் பங்கு எழுதுங்கள்.
செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள். மோசேயின் முன்னால் சபை நடுவில் நின்று அப்பாவின் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொன்னதாக எண்ணாகமம் 27-இல் இருக்கிறது. யோபு, ஆண்பிள்ளைகள் இருந்தும் பெண்களுக்குச் சுதந்தரம் கொடுத்தார்.
நம் பக்கத்துக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அன்றைக்குக் கன்னியாகுமரியும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. அதை எதிர்த்து மேரி ராய் என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல் தீர்ப்பு வாங்கினார். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒரு கிறிஸ்தவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சமம். உங்கள் மனதில் வேறு பங்கீடு இருந்தால், இரண்டு சாட்சிகள் வைத்து உயில் எழுதுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

1. ஆசீர்வாதத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.
குஷ்டம் நீங்க வேண்டும் என்று நாகமான் 10 தாலந்து வெள்ளி, 6,000 பொன், 10 மாற்றுடை என்று வண்டி நிறையக் கொண்டுவந்தான். நீங்கின பிறகு அவன் நீட்டியபோதும் எலிசா ஒன்றையும் தொடவில்லை. பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி இரண்டு தாலந்தும் இரண்டு உடையும் வாங்கி வந்த வேலைக்காரன் கேயாசிக்கு என்ன ஆனது என்று 2 இராஜாக்கள் 5-இல் வாசியுங்கள். அப்போஸ்தலர் 8-இல் சீமோன் பணத்தை நீட்டியபோது பேதுரு அவனைக் கண்டித்த கண்டிப்பையும் வாசியுங்கள்.
காணிக்கையே போட வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றியோடு கொடுங்கள், மனம் நிறையக் கொடுங்கள். ஆனால் மல்கியா 3-ஐக் காட்டித் தசமபாகம் கேட்கிறவர்கள் உபாகமம் 14-ஐயும் சேர்த்துக் காட்ட வேண்டும். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனும், அந்நியனும், அநாதையும், விதவையும் வயிறாரச் சாப்பிடுவதற்கு. விதவைக்குப் போக வேண்டியதை விதவையிடமே வாங்குகிற இடத்தில் உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து வந்துவிடுங்கள்.

2. கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள்.
இருப்பதற்குத் தக்கதாகக் கொடுத்தால் போதும், இல்லாததைக் கேட்கவில்லை என்று 2 கொரிந்தியர் 8 சொல்கிறது. ஃபீஸ் பணம், மருந்துப் பணம், வாடகைப் பணம், இவற்றில் கை வைக்காதீர்கள்.

3. நோயையும் நஷ்டத்தையும் பார்த்துச் சாபம் என்று சொல்லாதீர்கள்; யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
யோபுவின் சிநேகிதர்கள் அதைத்தான் செய்தார்கள், கடைசியில் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். பிறவிக் குருடனைக் காட்டி 'யார் செய்த பாவம்?' என்று கேட்ட சீஷர்களிடம், இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றார் இயேசு. 'பரம்பரைச் சாபத்தை முறிக்க' ஸ்பெஷல் ஜெபம், அதற்கு ஒரு கட்டணம் என்று வந்தால், எசேக்கியேல் 18-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அப்பன் செய்த அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று அந்த அதிகாரம் முழுக்கச் சொல்கிறது. ரோமர் 8-இல் உடன் சுதந்தரர் என்று வருகிற அதே வசனத்தில் கிறிஸ்துவோடு பாடுபடுவதும் வருகிறது. அப்புறம், தயவுசெய்து, சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். விசுவாசத்தைக் காட்டுவதாக நினைத்து மாத்திரையை நிறுத்திய ஒருவரின் அடக்கத்துக்கு நான் போயிருக்கிறேன்.

4. யாபேசின் ஜெபத்தை மந்திரம் ஆக்காதீர்கள்.
1 நாளாகமத்தில் ஒன்பது அதிகாரம் நீளும் வம்சவரலாற்றின் நடுவே இரண்டே வசனம் அவர் கதை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்த ஒரு புத்தகத்துக்குப் பிறகு அது உலகம் முழுக்க ஸ்டிக்கரும் நாள்காட்டியும் ஆகிவிட்டது. வேதனையில் பிறந்த ஒருவர் வேதனை வேண்டாம் என்று அழுத அழுகை அது. இத்தனை நாள், இத்தனை தடவை என்று எண்ணிச் சொல்வதற்கு அங்கே இடம் இல்லை. 3 யோவான் 2-ஆம் வசனமும் அப்படித்தான். நாம் கடிதத்தின் தலைப்பில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவோமே, அந்த மாதிரி ஒரு விசாரிப்பு.

5. யாக்கோபு செய்த தந்திரத்தைப் பார்த்து, ஆசீர்வாதத்துக்காக எதையும் செய்யலாம் என்று நினைக்காதீர்கள்.
சேஷ்டபுத்திரபாகம் வேறு, அப்பாவின் ஆசீர்வாதம் வேறு. முதலாவதை ஏசா பயற்றங்கூழுக்கு விற்றான். இரண்டாவதை யாக்கோபு ஏமாற்றி வாங்கினான், கண் தெரியாத அப்பாவின் முன்னால் வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு. அதற்குப் பிறகு 20 வருஷம் லாபானிடம் ஏமாந்தான். வயதான காலத்தில் சொந்தப் பிள்ளைகளே வெள்ளாட்டுக்கடா இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் கொண்டுவந்து, யோசேப்பு செத்தான் என்று அவனை நம்பவைத்தார்கள். தோல் ஒரு பக்கம், இரத்தம் ஒரு பக்கம். ஆதியாகமத்தை எழுதிய கை எதையும் மறக்கவில்லை. கிருபை அவனைத் தேடி வந்தது உண்மை, அந்தப் பொய்யை அது ஒருநாளும் சரி என்று சொல்லவில்லை.

6. 'உனக்குப் பரலோகத்தில் சுதந்தரம் இருக்கிறது' என்று சொல்லி, இங்கே இருக்கிற பங்கை மறுக்காதீர்கள்.
தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது 1 பேதுரு 1-ஐ மேற்கோள் காட்டுகிற அண்ணன்மார் இருக்கிறார்கள். அழியாத சுதந்தரம் என்று பேதுரு எழுதியது ஊர் விட்டு ஊர் சிதறி, சோதனையில் இருந்தவர்களுக்கு. தங்கச்சியின் சென்டைப் பிடுங்குவதற்கு அவர் எழுதவில்லை. நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கு ஆசைப்பட்ட ஆகாப் ராஜா, நாபோத் மறுத்தபோது, இப்படி வசனம் சொல்லி நியாயப்படுத்தப் பார்க்கவில்லை. அவன் அவ்வளவுகூடச் சிரமப்படவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான், மற்றதை யேசபேல் பார்த்துக்கொண்டாள். வேதம் அந்த வீட்டை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள்.

7. குடும்பத்துக்குத் தெரியாமல் வீட்டையோ நிலத்தையோ யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.
'ஊழியத்துக்கு' என்று சொன்னாலும் வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டு, பெற்றோரைக் கவனிக்காமல் விட்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று மாற்கு 7-இல் இருக்கிறது.

8. அடிபட்டு உட்கார்ந்திருப்பவரிடம் 'விசுவாசம் பத்தவில்லை' என்று சொல்லாதீர்கள்.
வசனமும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்த அக்கா வீட்டுக்கு, எங்கள் சபையில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி வாரம் தவறாமல் போவார். செயினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. டீ குடிப்பார், கீரை ஆய்ந்து கொடுப்பார். கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசற்படியில் நின்றபடியே அக்காவின் தலையில் கைவைத்து, 'கர்த்தர் உன்னைக் காப்பாத்தட்டும்மா' என்பார். போன மாதம் அக்கா வேதாகமத்தைத் திறந்தார். அட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து பாட்டிக்கு வாசித்துக் காட்டினார்.